சேஸிஸ், பாடி, பெயர்: பந்தயக் கார் குறித்துச் சில குறிப்புகள்

1

நம்முடைய நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் டீ குடித்துக்கொண்டு நின்ற எவரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள், முன்னால் ஒரு எஞ்சின், கீழே சக்கரங்கள். கூரை கிடையாது, கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. தலையில் துண்டை இறுக்கிக் கட்டிய டிரைவர் ஒருவர் வெயிலையும் தூசியையும் முகத்தில் வாங்கிக்கொண்டு அதை ஓட்டிப்போவார். அது இன்னும் பஸ்ஸும் ஆகவில்லை, லாரியும் ஆகவில்லை. அதன் பெயர் சேஸிஸ். கரூருக்கோ நாமக்கல்லுக்கோ போய் ஒரு பட்டறையில் நின்று, 'பாடி கட்டி', பெயின்ட் அடித்து, பிறகு ஒருநாள் நம் ஊர் பஸ் நிலையத்துக்கு வந்து சேரும்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸின் முகத்தைப் பாருங்கள். எஞ்சினும் சேஸிஸும் செய்த கம்பெனியின் பெயர் நெற்றியிலோ மூக்கிலோ பெரிதாக இருக்கும். நாம் உட்காரும் சீட்டு, பிடிக்கும் கம்பி, மழைக்கு இறக்கும் ஷட்டர் எல்லாவற்றையும் செய்த பட்டறையின் பெயர் படிக்கட்டுக்கு மேலேயோ பின்பக்க மூலையிலோ சின்ன எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெல்டிங் வைத்தவரின் பெயர் எங்கேயும் இருக்காது. ஒரு பொருளின் மேல் மூன்று அடுக்கு உழைப்பு இருக்கிறது. ஒன்று பெரிய எழுத்து, ஒன்று சின்ன எழுத்து, ஒன்று எழுத்தே இல்லை.

இந்த அடுக்கு ஏன் இப்படி அமைந்தது என்று கேட்டால், 'எஞ்சின்தானே சார் உயிர், சேஸிஸ்தானே முதுகெலும்பு, பாடி வெறும் சட்டைதானே' என்று பதில் வரும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. முதுகெலும்பைச் செய்தவனுக்குப் பெயர், சட்டை தைத்தவனுக்கு மூலை. ஆனால் இந்த நியாயம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகிறதா? உலகத்திலேயே அதிகப் பணம் புழங்கும் பட்டறைகளில் ஒன்றான அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கியப் பத்திரிகையில் கார் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: 'ஆசிரியன் என்பது என்ன' என்று 1969-ல் ஃபூக்கோ கேட்ட கேள்வியைப் புத்தகத்தின் அட்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. பெயர் எங்கே ஒட்டப்படுகிறது என்ற கேள்வி இரும்புக்கும் பொருந்தும்.

2

முதலில் விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் இரண்டு வகைக் கார்கள் ஓடுகின்றன. கடையில் விற்கும் காரை அடிப்படையாக வைத்துப் பந்தயத்துக்கு மாற்றியது ஒரு வகை. இதை ஜிடி என்கிறார்கள். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது ஊரெல்லாம் பேசப்பட்ட போர்ஷே இந்த வகை. அடியிலிருந்து நுனிவரை ஒரே கம்பெனி செய்து, பந்தய அணிகளுக்கு விற்கிற கார் அது. காசு கொடுத்தால் வாங்கலாம், ஓட்டலாம்.

மற்றொரு வகை, சாலைக்கே வராமல் பந்தயத்துக்காக மட்டுமே செய்யப்படும் கார். புரோட்டோடைப் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் 1969-ல் தொடங்கப்பட்ட இம்ஸா என்ற அமைப்பு நடத்தும் பந்தயங்களில் உச்சப் பிரிவு இதுதான். 2023-லிருந்து அங்கே எல்எம்டிஎச் என்னும் விதியின்படி கட்டப்பட்ட கார்கள் ஓடத் தொடங்கின. இந்த விதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

விதி சொல்வது இது. கார் கம்பெனி தன் சொந்த எஞ்சினைக் கொண்டுவரலாம். தன் சொந்த முகத்தை, அதாவது வெளிப்புற பாடியை வடிவமைக்கலாம். ஆனால் ஓட்டுநர் உட்காரும் கூடு, சஸ்பென்ஷன் ஆகியவை சேர்ந்த முதுகெலும்பை, அனுமதி பெற்ற நான்கே நான்கு பட்டறைகளில் ஒன்றிடமிருந்துதான் வாங்க வேண்டும். இத்தாலியின் டல்லாரா, பிரான்சின் ஒரேகா, அதே பிரான்சின் லிஜியே, கனடாவின் மல்டிமேட்டிக். அமெரிக்கப் பந்தயத்தின் இந்த நால்வரில் அமெரிக்கர் ஒருவர்கூட இல்லை என்பதையும் போகிறபோக்கில் குறித்துக்கொள்ளலாம். மின்மோட்டார், பேட்டரி, கியர்பாக்ஸ் மூன்றும் எல்லாருக்கும் பொது. கார் 1030 கிலோவுக்குக் குறையக் கூடாது. சக்தி 500 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. போதாததற்கு, எந்தக் காரும் ரொம்பவும் முந்திவிடாதபடி எடையையும் சக்தியையும் பந்தயத்துக்குப் பந்தயம் கூட்டிக் குறைக்கும் அதிகாரமும் அமைப்பின் கையில் இருக்கிறது.

முதுகெலும்பைச் செய்வது சாதாரண வேலையில்லை. கால் ஒன்று குட்டையான கட்டிலில் படுத்தவருக்குத் தெரியும், சட்டம் கோணினால் என்ன ஆகுமென்று. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் திரும்பும்போது சட்டம் துளி முறுக்கிக்கொண்டாலும் ஸ்பிரிங்கை எப்படி வைத்தாலும் பிரயோசனமில்லை. எந்தச் சக்கரம் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்ற கணக்கே கலைந்துபோகும். முறுக்கிக்கொள்ளாத, இலேசான, மோதினால் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுகிற கூட்டைக் கரிநாரில் செய்வது பல ஆண்டு அனுபவம் சேர்ந்த கைகளுக்கே வரும். கார் கம்பெனிகளே பட்டறைகளிடம் போய் நிற்பதற்கு இது ஒரு காரணம். செலவைக் குறைக்க வேண்டும் என்ற அமைப்பின் கவலை இன்னொரு காரணம்.

இப்போது காரின் மூக்கில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். போர்ஷே 963. அதன் முதுகெலும்பு மல்டிமேட்டிக். அக்யூரா ஏஆர்எக்ஸ்-06. முதுகெலும்பு ஒரேகா. பிஎம்டபிள்யூவின் எம் ஹைப்ரிட் வி8, டல்லாரா. காடிலாக், அதுவும் டல்லாரா. 2023 ஜனவரியில் டேடோனாவில் ஒருவரையொருவர் முந்தத் துடித்த காடிலாக்கும் பிஎம்டபிள்யூவும் ஒரே பட்டறையின் முதுகெலும்பின் மேல் உட்கார்ந்திருந்தன. பார்வையாளர் மேடையில் இருந்தவர் அமெரிக்காவும் ஜெர்மனியும் மோதுவதைப் பார்த்தார். தரையை ஒட்டிக் குனிந்து பார்த்திருந்தால் டல்லாராவும் டல்லாராவும் மோதுவதைப் பார்த்திருப்பார்.

இங்கே நம் கரூர் நியாயம் தலைகீழாகிறது. அங்கே பெரிய கம்பெனி சேஸிஸ் செய்கிறது, பட்டறை பாடி கட்டுகிறது; பெயர் கம்பெனிக்கு. இங்கே பட்டறை சேஸிஸ் செய்கிறது, கம்பெனி பாடி கட்டுகிறது. அப்போதும் பெயர் கம்பெனிக்கு. எஞ்சின் இரண்டு இடத்திலும் கம்பெனியுடையதுதானே என்று ஒருவர் மடக்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது, அடுத்த பகுதியில் வருகிறேன். பெயர் முதுகெலும்பைப் பின்தொடரவில்லை, சட்டையையும் பின்தொடரவில்லை. மூலதனம் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. முதுகெலும்பு, சட்டை, உயிர் என்று நாம் சொல்லும் உவமைகள் எல்லாம் ஒட்டியாகிவிட்ட பெயருக்குப் பிறகு தேடிச் சொல்லும் சமாதானங்கள்.

3

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. வரலாறு இருக்கிற எதையும் மாற்ற முடியும் என்பதால் அதைச் சொல்லியாக வேண்டும்.

1962-ல் கரோல் ஷெல்பி என்ற டெக்சாஸ்காரர் இங்கிலாந்தின் ஏசி என்ற சிறு கம்பெனியின் காரில் ஃபோர்டின் வி8 எஞ்சினைப் பொருத்தினார். கோப்ரா பிறந்தது. அமெரிக்காவில் ஏசியின் பெயர் மெல்லத் தேய்ந்து ஷெல்பியும் ஃபோர்டும் மிஞ்சினார்கள். ஆனால் சில ஆண்டுகளில் நிலைமை வேறாயிற்று. 1966-ல் தொடங்கிய கேன்-ஆம் பந்தயத்தில் விதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, எவ்வளவு பெரிய எஞ்சின் வேண்டுமானாலும் வைக்கலாம். நியூசிலாந்துக்காரரான புரூஸ் மெக்லாரனின் சின்னப் பட்டறை 1967 முதல் 1971 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றது. 1969-ல் நடந்த 11 பந்தயங்களிலும் வென்றது. அந்தக் கார்களின் எஞ்சின் செவர்லே. ஆனால் அந்தக் காரை யாரும் செவர்லே என்று சொல்லவில்லை. மெக்லாரன் என்றார்கள். 'எஞ்சின்தான் உயிர், உயிருக்குத்தான் பெயர்' என்ற வாதத்துக்கு இதுதான் பதில்.

அதே காலத்தில் டெக்சாஸின் ஜிம் ஹால், சப்பரல் என்ற பெயரில் கார் கட்டினார். 1966-ல் காரின் முதுகில் உயரமான இறக்கை ஒன்றை நட்டுக் காற்றின் அழுத்தத்தால் சக்கரங்களைத் தரையோடு அமுக்கினார். 1970-ல் தனியாக ஒரு சிறு எஞ்சினை வைத்து இரண்டு விசிறிகளைச் சுழற்றி, காருக்கு அடியில் இருக்கும் காற்றை உறிஞ்சி, கார் தரையைக் கவ்விப் பிடிக்கும்படி செய்தார். அந்த ஆண்டு முடிந்ததும் அதைத் தடைசெய்தார்கள். பந்தயத்தில் இல்லை என்று வெளியே சொல்லிக்கொண்ட செவர்லே பின்வாசல் வழியாக அவருக்கு உதவிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் பெயர் ஹாலினுடையதாகவே இருந்தது. 1972-ல் போர்ஷே தன் முழுப் பலத்தோடும் பென்ஸ்கே அணியோடும் உள்ளே வந்தது. இரண்டே ஆண்டில் பட்டறைகளின் ஆட்டம் முடிந்தது.

அதற்குப் பிறகு வந்ததில் நமக்கு வேண்டியது ஒரு சிறுகோட்டின் கதை. 2003-ல் டேடோனா புரோட்டோடைப் என்ற வகை அறிமுகமானது. இரும்புக் குழாய்களை வெல்டு செய்து கட்டிய சட்டம், அனுமதி பெற்ற சில பட்டறைகள், பல கம்பெனி எஞ்சின்கள். முடிவுப் பட்டியலில் இரண்டு பெயர்களும் வந்தன: லெக்சஸ்-ரைலி, போண்டியாக்-ரைலி, போர்ஷே-கிராஃபர்ட். நடுவில் இருக்கும் அந்தச் சிறுகோட்டைப் பாருங்கள். எஞ்சின் செய்தவரும் சட்டம் செய்தவரும் ஒரே வரியில் சமமாக நிற்கிறார்கள். 2012-ல் செவர்லே தன்னுடைய கார்வெட் காரைப்போலத் தோன்றும் பாடியை அதே சட்டங்களின் மேல் போர்த்தியது. உள்ளே கயோட்டி, டல்லாரா, ரைலி என்று வேறு வேறு பட்டறைகள். வெளியே ஒரே பெயர், கார்வெட் டிபி. சட்டை ஒன்றானதும் உடல்களின் பெயர் போய்விட்டது. 2017-ல் வந்த விதியும் 2023-ல் வந்த விதியும் இதையே எழுத்தில் ஏற்றின. எல்எம்டிஎச் காரின் பெயரில் சிறுகோடு இல்லை.

சிறுகோட்டை எந்த எஞ்சினியரும் அழிக்கவில்லை. டேடோனா புரோட்டோடைப்பில் ரைலி செய்த வேலையைத்தான் எல்எம்டிஎச்சில் டல்லாரா செய்கிறது. மாறியது விதிப் புத்தகம். விதியை எழுதுகிற மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே பெயரைத் தீர்மானிக்கிறது.

4

நம் ஊருக்கு வருவோம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுதளம் வந்தது. பந்தயம் ஓட்டியவர்கள் பெரும்பாலும் ராஜாக்கள், ஆலை அதிபர்களின் பிள்ளைகள் என்பது உண்மை. இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் இறக்குமதி கடினமாக இருந்த அந்தக் காலம் ஒரு காரியத்தையும் செய்தது. கிடைத்த ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து மேய்ந்து, கிடைத்த குழாயை வளைத்துக் கார் கட்டத் தெரிந்தவர்களை உருவாக்கியது.

கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் அந்தக் கதையின் மையம். ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர், பந்தயமும் ஓட்டினார், காரும் கட்டினார். மாருதி 800-இன் எஞ்சினை, ஒற்றையாள் உட்காரும் பந்தயச் சட்டத்தில் வைத்து ஃபார்முலா மாருதி என்ற காரை உருவாக்கினார். சாலையில் ஓடும் சாதாரணக் காரின் எஞ்சின், உள்ளூர்ப் பட்டறையின் சட்டம். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் அந்தக் காரிலிருந்து தொடங்கியவர். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள ஓடுதளம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. சட்டம் கட்டியவரின் பெயர் நிலைத்த அபூர்வமான இடம் அது. அவர் ஆலைக் குடும்பத்தில் பிறக்காமல் ஒரு வெல்டராக மட்டும் இருந்திருந்தால் அந்தப் பெயர் நிலைத்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

அவருக்குப் பின் வந்த கார்களின் பெயரைப் பாருங்கள். ஃபார்முலா எல்.ஜி.பி., ஃபார்முலா ரோலான். எல்.ஜி.பி. என்பது கோவையின் செயின் கம்பெனி, ரோலான் என்பது அவர்கள் செய்யும் செயினின் பெயர். அந்த எல்.ஜி.பி. ஃபார்முலா 4 காரில் எஞ்சின் மாருதி ஸ்விஃப்ட்டுடையது, கட்டப்படுவது கோவையில். எம்.ஆர்.எஃப். 2000 என்ற காரின் பெயர் டயர் கம்பெனியுடையது, சட்டம் டல்லாரா, எஞ்சின் ரெனோ. அமெரிக்காவில் எஞ்சின் செய்தவர் பெயராவது மிஞ்சியது. இங்கே செலவை ஏற்பவர் பெயர் மட்டும்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் தெருக்களை அடைத்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பங்களிப்போடு இரவுப் பந்தயம் நடந்தது. பொதுப்பணம் செலவாவது பற்றியும், மருத்துவமனைக்குப் போகும் சாலைகள் பற்றியும் நம்மில் பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் யாரும் கேட்காத ஒன்றும் இருந்தது. இந்தியன் ரேசிங் லீக்கில் ஓடியது இத்தாலியின் வுல்ஃப் நிறுவனத்தின் சட்டம், எஞ்சின் அப்ரிலியா. ஃபார்முலா 4-இல் ஓடியது பிரான்சின் மிகால் சட்டம். அணிகளுக்கு சென்னை, கோவா, கொச்சி என்று நம் ஊர்ப் பெயர்கள். நம் ஊர்ப் பெயர் சட்டையில், முதுகெலும்பு கப்பலில் வந்தது. இறக்குமதிச் சுவர் இருந்த காலத்தில் உருவான கைகள் சுவர் இடிந்த பிறகு எங்கே போயின என்பது கலாச்சாரக் கேள்வியும்கூட.

5

இதை ராஜபாளையத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'தம்பி, நம்ம வண்டிப் பந்தயத்துல மட்டும் என்ன வாழுதாம்?' என்றார்.

நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்திலும் பிரிவுகள் உண்டு. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டின் அளவை வைத்துப் பிரிப்பார்கள். இம்ஸாவின் விதிக்கு இது குறைந்ததில்லை. ஒலிபெருக்கியில் முதலில் மாட்டின் சொந்தக்காரர் பெயரும் ஊரும் வரும். அடுத்து சாரதியின் பெயர். குடத்தையும் ஆரக்காலையும் வட்டையையும் இழைத்து, அச்சைச் சமம் பார்த்து, வண்டியை இறகுபோல ஓடவைத்த ஆசாரியின் பெயரை நான் கேட்டவரை எந்த ஒலிபெருக்கியும் சொன்னதில்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தபோதும், 2017-ல் சட்டத் திருத்தம் வந்தபோதும், 2023-ல் அதே நீதிமன்றம் அதை ஏற்றபோதும் பண்பாடு, மரபு, மாடு, மண் எல்லாம் பேசப்பட்டன. வண்டி செய்கிறவர் எந்த வாதத்திலும் பாத்திரம் ஆகவில்லை. மூலதனம் மட்டும்தான் பெயரை விழுங்கும் என்று நான் மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இங்கே அந்த வேலையை நிலவுடைமையும் சாதியும் முன்பே செய்துவைத்திருக்கின்றன. கையால் செய்கிறவன் சேவகன், அவனுக்குக் கூலி உண்டு, படி உண்டு, பெயர் எதற்கு என்கிற பழைய ஏற்பாடு அது.

செய்தவன் பெயர் வெளியே வரும் தருணம் ஒன்று உண்டு. பொருள் உடையும்போது. 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் மிஷலின் டயர்கள் அந்த வளைவைத் தாங்காது என்று தெரிந்து 20 கார்களில் 14 கார்கள் தொடக்கத்திலேயே விலகின. மீதி ஆறு கார்களில் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். அன்றைக்கு டயர் கம்பெனியின் பெயர் உலகப் பத்திரிகைகளின் தலைப்பில் வந்தது. பஸ் கவிழ்ந்தால்தான் பாடி கட்டிய பட்டறை எது என்று விசாரிக்கிறோம். நன்றாக ஓடும்போது உழைப்பு கண்ணுக்குத் தெரியாது, குற்றம் நேர்ந்தால் மட்டும் அதற்கு முகவரி கிடைக்கும். பெயர் என்பது இங்கே புகழுக்கு ஒரு கணக்கும் பழிக்கு இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது.

6

'பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கூலியைக் கூட்டிக் கேட்பதுதானே அரசியல்?' என்று தோழர்கள் கேட்கலாம். டல்லாராவும் ஒரு முதலாளிதான், அங்கே கரிநாரை அடுக்கும் தொழிலாளியின் பெயரும் எங்கேயும் இல்லை. பெயர் வேண்டாம், பணம் போதும் என்று நான்கு பட்டறைகளும் சம்மதித்துத்தானே விற்கின்றன என்பதும் சரி. ஒரு முதலாளி பெயரை எடுத்துவிட்டு இன்னொரு முதலாளி பெயரை ஒட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை.

பெயருக்கும் கூலிக்கும் தொடர்பு இருக்கிறது என்பதற்காக எழுதுகிறேன். பெயர் தெரிந்த பட்டறை பேரம் பேசும். பெயர் தெரியாத பட்டறையை அடுத்த ஆண்டே மாற்றிக்கொள்ளலாம். சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணி யார் யாருடைய பெட்டியிலோ அடைந்து மருத்துவமனைக்குப் போகிறது. பெட்டியில் பெயர் இருக்கிறவன் விலையைச் சொல்கிறான், தறியில் இருக்கிறவன் அதைக் கேட்டுக்கொள்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு முதலாளிக்குப் பதில் ஓர் ஊருக்கே பெயர் சொந்தமாக முடியும் என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. அடுப்படியில் நின்று கிண்டுகிறவருக்கு அதனால் என்ன கூடியது என்பதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் வாசல் ஒன்று திறந்திருக்கிறது.

'ஃபார்முலா' என்ற சொல்லுக்கே விதி என்றுதான் அர்த்தம். விதி எழுதப்படுகிறது. எழுதப்படுவது திருத்தப்படலாம். கரி ஓடுதளத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில் பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய கார்களோடு வருகிறார்கள். வேகத்துக்கு மட்டுமின்றி வடிவமைப்புக்கும் செலவுக் கணக்குக்கும் மதிப்பெண் உண்டு. அந்த விதியைக் கல்லூரி வாசலோடு நிறுத்தாமல் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படிக்கும் பையன்வரை கொண்டுவர முடியும். பொதுப்பணத்தில் தெருவை அடைத்துப் பந்தயம் நடத்தும் அரசு, ஒரு பிரிவிலாவது சட்டம் இங்கே கட்டப்பட வேண்டும், கட்டிய பட்டறையின் பெயர் எஞ்சின் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வர வேண்டும் என்று விதி எழுத முடியும். பந்தயக் கமிட்டிகள் நோட்டீசில் சாரதிக்குக் கீழே வண்டி செய்தவர் பெயரைச் சேர்க்க முடியும். அதற்கு ஒரு வரி போதும், செலவு ஒன்றுமில்லை.

அண்ணாச்சியிடம் இந்த நோட்டீஸ் யோசனையைச் சொன்னபோது சிரித்தார். 'போட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா பேரு போட்டா, வண்டி தோத்தாலும் எங்களைத்தான் கேப்பாங்க' என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, 'கேக்கட்டுமே, பதில் சொல்லத் தெரியாமலா வண்டி செய்யுறோம்' என்றார்.